எழுதாமல் வைத்த அறிக்கை

அலுவலகத்தில் அவளுக்கு ‘டெஸ்டர்’ என்று பெயர். பேனாவை மறந்துவிட்டு வந்திருக்கிறாள், மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்திருக்கிறாள். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை மறந்து வந்ததாக இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒருநாள்கூட இல்லை. வாடகை வீடுகளில் மின் இணைப்பு பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் வேலை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சான்றிதழ் வாங்காமல் யாரும் வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு வீட்டுக்காரர்கள் அவளைக் கண்டாலே கதவைச் சாத்தப் பார்த்தார்கள்.

அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கருகிப்போன சுவிட்ச் போர்டின் மேல் காலண்டரை மாட்டி வைப்பார்கள். ஃபியூஸ் பெட்டிக்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைத்துவிட்டு, அதைத் தள்ள நாலு ஆள் வேண்டுமே என்று கையைப் பிசைவார்கள். ஒருவர் மெயின் போர்டுக்கு நேர் கீழே நாயைக் கட்டி வைத்திருந்தார். அவள் தெருமுனைக் கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கி வந்து நாய்க்குப் போட்டுவிட்டு, போர்டைத் திறந்தாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரரின் முகம்தான் தொங்கிப்போயிற்று.

இப்படிப்பட்டவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணனே கூப்பிட்டார். பழைய வீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும், நீயே வந்து பார்த்துவிடு என்றார்.

அண்ணன் அவளைவிடப் பதினோரு வயது மூத்தவர். அப்பா போனபோது அவருக்குப் பத்தொன்பது. படிப்பை விட்டுவிட்டு ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தங்கை மின்சாரப் படிப்பு படிக்கவேண்டும் என்று நின்றபோது சொந்தபந்தம் எல்லாம் சிரித்தது. பெண்பிள்ளை கம்பத்தில் ஏறப்போகிறாளா என்று கேட்டார்கள். “ஏறட்டும். கீழ நின்னு நான் ஏணியைப் பிடிச்சுக்கிறேன்” என்று அண்ணன் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு ஆயுசுக்கும் செருப்பாய் உழைக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. அம்மா அவளோடு இருந்தாள். அண்ணன் வாரம் தவறாமல் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார்.

யாரை வைத்துச் சோதனை செய்வது என்பது வீட்டுக்காரர் விருப்பம். அலுவலகத்தில் இருந்த ஆறு பேரில் யாரையும் கூப்பிடலாம். சொந்தக்காரர் வீட்டைப் பார்க்கக்கூடாது என்று எழுத்தில் எங்கும் இல்லை. இருக்கவேண்டும் என்று அவளே ஒருமுறை கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கிறாள். ஆனால் அண்ணன் கேட்டபோது அது அவள் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்ததெல்லாம் சந்தோஷம்தான். இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி.

அண்ணன் புது வீடு கட்டிக்கொண்டு போன பிறகு, அந்தப் பழைய வீட்டை மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். முன் பக்கம் ஒரு வாத்தியார் குடும்பம். நடுவில் ஒரு தையல்காரியும் அவள் புருஷனும். அவர் பஸ் டிரைவர். கொல்லைப்புறத்தில் புதிதாக எழுப்பிய பகுதியில் இரண்டு நர்ஸ்கள்.

நடு வீட்டில் தையல் மிஷின் ஜன்னலோரம் கிடந்தது. தையல்காரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசும் பழக்கம். அதிகாரி வருகிறார் என்றதும் குண்டூசிகளை எடுத்துக் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவில் குத்திக்கொண்டாள். டிரைவர் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர், அவசரமாக எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

சோதிக்க வந்தவள் குளியலறைக்குள் போய் ஹீட்டருக்குக் கீழே இருந்த குழாயில் டெஸ்டரை வைத்தாள். உள்ளே இருந்த சின்ன விளக்கு மங்கலாக எரிந்தது.

“குழாயைத் தொட்டா ஏதாவது தெரியுதா?” என்று கேட்டாள்.

“லேசா சுர்ருங்கும் மேடம். எறும்பு கடிக்கிற மாதிரி. பழகிடுச்சு” என்றாள் தையல்காரி. “இவர் ரப்பர் செருப்பு போட்டுட்டுத்தான் குளிப்பார். பஸ் ஓட்டுறப்போகூட இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கமாட்டார்.”

டிரைவர் சிரித்தார். பஸ்ஸில் பிரேக் இருக்கிறது, இந்தக் குழாயில் இல்லையே என்றார். அவளும் கூடச் சிரித்துவிட்டாள். பிற்பாடு நெடுநாள் அந்தச் சிரிப்பு அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

சுவரில் பிளக் சொருகும் இடத்தில் சோதனை பல்பை வைத்துப் பார்த்தாள். மண்ணுக்குள் போகும் எர்த் கம்பி சரியாக இருந்தால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. முன் வீட்டில் பார்த்தாள், எரியவில்லை. பின் வீட்டிலும் இல்லை. எர்த்துக்கான பச்சைக் கம்பி எங்கே போகிறது என்று சுவரோடு சுவராகப் பிடித்துக்கொண்டு போனாள். மூன்று வீட்டுப் பச்சைக் கம்பிகளும் ஒன்றாகச் சேர்ந்து கொல்லைப்பக்கம் போய், நர்ஸ்களின் குளியலறைச் சுவருக்குள் நுழைந்தன. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. எர்த் குழி இருந்த இடத்தின் மேலேதான் அண்ணன் அந்தக் குளியலறையைக் கட்டியிருந்தார். கொத்தனார் கம்பியை வெட்டிவிட்டு மேலே சிமென்ட் பூசிவிட்டார்.

கம்பி மண்ணுக்குள் போகாவிட்டால் கசியும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. இங்கே அதைவிட மோசம். மூன்று வீட்டுக் கம்பிகளும் ஒன்றாக இருந்ததால், எந்த வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும் அந்த மின்சாரம் மற்ற இரண்டு வீட்டுக் குழாய்க்கும் வந்து நிற்கும். போதாக்குறைக்கு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால், மயிர்போல் இருக்கவேண்டிய கம்பிக்குப் பதிலாகக் கொடிக்கம்பி கனத்துக்குச் செம்பு முறுக்கி வைத்திருந்தது. வீடே பற்றி எரிந்தாலும் அது போகாது. கசிவு வந்தால் தானாக நிறுத்தும் பிரேக்கர் மூன்றில் ஒரு வீட்டிலும் இல்லை.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். முதல் வரியில் ‘உடனடி ஆபத்து’ என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

தையல்காரி டீ கொண்டு வந்து கொடுத்தாள். அவள் நின்றுகொண்டே குடித்தாள். அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தார்.

“எல்லாம் சரியா இருக்கா மேடம்?” என்றாள் தையல்காரி.

உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அறிக்கை வீட்டுக்காரருக்குத்தான், குடியிருப்பவரிடம் பேச்சு வைத்துக்கொள்ளக்கூடாது என்பது அலுவலக விதி. அந்த விதி அன்றைக்கு அவளுக்கு ரொம்ப வசதியாகவும் இருந்தது. “சின்னச் சின்ன வேலை இருக்கு. அண்ணன்கிட்ட சொல்லிடறேன்” என்று சொல்லி டம்ளரைக் கொடுத்தாள்.

தெருவில் காருக்குள் உட்கார்ந்து அண்ணனிடம் பட்டென்று போட்டு உடைத்தாள். முன் பக்கம் புதிதாக ஒரு எர்த் குழி தோண்டவேண்டும், மூன்று வீட்டுக்கும் பிரேக்கர் போடவேண்டும், இந்த இரண்டையும் செய்தால் ஆபத்து நீங்கிவிடும், கெட்டிக்கார ஆளாக இருந்தால் இரண்டு நாள் வேலை என்றாள். ஒயரிங்கை மாற்றுவது பிறகு. அண்ணன் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டை ஒரு கட்டடக்காரருக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடக்கிறது, அடுத்த வருடம் இடிக்கப்போகிற வீட்டில் போய் இதையெல்லாம் செய்வதா என்றார். அதற்குள் யாராவது போய்ச் சேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் ஸ்டீயரிங்கைத் தட்டுவதை நிறுத்தினார்.

“சரி, செஞ்சிடறேன். ஆனா இப்ப எழுதிடாத பாப்பா. பதிவாயிடுச்சுன்னா அந்தக் கட்டடக்காரன் அதை வெச்சே விலையைக் குறைச்சிடுவான். பத்து நாள் குடு. வேலையை முடிச்சிட்டுக் கூப்பிடறேன், வந்து பாத்துட்டு நல்லபடியா எழுது.”

அவரைத் தவிர உலகத்தில் வேறு யார் கேட்டிருந்தாலும் அன்று சாயங்காலமே அறிக்கை பதிவாகியிருக்கும். அவள் நோட்டைப் பைக்குள் வைத்தாள்.

பத்து நாள் போயிற்று. கேட்டாள், எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். இருபது நாள் ஆயிற்று. எலக்ட்ரீஷியனுக்குக் காய்ச்சல் என்றார். அதற்குப் பிறகு ஃபோனை எடுப்பதே அபூர்வமாயிற்று. வாரம் தவறாமல் வருகிறவர் இரண்டு வாரம் வரவில்லை. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனை என்ன சொன்னாய், என்ன சொன்னாய் என்று நச்சரித்தாள். அவள் விஷயத்தைச் சொன்னதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறத்தியார் வீடானால் போகட்டும், கூடப்பிறந்தவன் வீட்டிலுமா நோண்டி நோண்டிக் குற்றம் கண்டுபிடிக்கவேண்டும் என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து அலுவலகக் கம்ப்யூட்டரில் வேறு எதையோ தேடும்போது அந்த வீட்டு முகவரி கண்ணில் பட்டது. ‘பாதுகாப்பானது’ என்று சான்றிதழ். கீழே கையெழுத்து, அடுத்த மேஜைக்காரருடையது. அவருக்கு அலுவலகத்தில் ‘ரப்பர் ஸ்டாம்பு’ என்று பெயர். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே மாதத்துக்கு நாற்பது வீடு பார்க்கிற ஆள்.

நேராகப் போய்க் கேட்டாள். அவர் பதறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“உங்க அண்ணன்தான் வந்தாரு. தங்கச்சி ஏற்கனவே வந்து அலசிப் பாத்துட்டா, சொந்த வீடுங்கறதால அவ கையெழுத்து போட்டா நல்லா இருக்காது, நீங்க போட்டுக் குடுங்கன்னாரு. நீங்க பாத்த வீட்ல நான் போய் என்னத்தைப் பாக்கறது மேடம்? உங்களை நம்பாம வேற யாரை நம்பறது?”

அவளுடைய கண்டிப்புக்கு இருந்த பேரையே அண்ணன் சான்றிதழாக மாற்றிக்கொண்டுவிட்டார்.

அன்று மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு அண்ணன் இப்போது சொந்தமாக நடத்தும் இரும்புக் கடைக்குப் போனாள். அவர் ஆட்களுக்கு நடுவில் நின்றிருந்தார். அவளை ஓரமாகக் கூட்டிப்போய், நான் பொய் சொல்லவில்லையே, நீ பார்த்தது உண்மைதானே என்றார். வேலை எப்படியும் நடக்கும், கொஞ்சம் பொறு என்றார். பிறகு, அவள் கேட்காமலே, அந்தக் காலத்தில் அவளுக்காகத் தான் விட்டதை எல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் அவர் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு வந்தாள்.

மேலிடத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். எழுதினால் ரப்பர் ஸ்டாம்புக்கு வேலை போகும், அண்ணன்மேல் வழக்கு வரும், ஒன்றரை மாதம் அறிக்கையை அமுக்கி வைத்ததற்கு அவளும் பதில் சொல்லவேண்டும். நாலு வரி எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டாள். அடுத்த வாரம் எழுதலாம் என்று நினைத்தாள். அந்த வாரம் அண்ணன் பழையபடி வந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். அதற்கடுத்த வாரமும் அவள் எழுதவில்லை. தையல்காரியிடமாவது ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று இரண்டுமுறை அந்தத் தெருமுனை வரைக்கும் போனாள். என்னவென்று சொல்வது, அண்ணன் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அண்ணனிடமிருந்து ஃபோன் வந்தது. குரல் உடைந்திருந்தது.

“பாப்பா, அந்த நடு வீட்டு டிரைவர் போயிட்டார். குளிக்கப் போன இடத்துல.” மூச்சு வாங்கிக்கொண்டு, “அந்த நோட்டை எங்க வெச்சிருக்க? அதை யார் கண்ணுலயும் காட்டாத. கிழிச்சுப் போட்டுடு” என்றார்.

அவள் ஃபோனை வைத்தாள்.

நர்ஸ்கள் வீட்டு வாஷிங் மிஷினுக்குள் ஒரு ஒயர் உரசி உரசித் தோல் போயிருந்தது. மிஷின் பிளாஸ்டிக் ஸ்டாண்டின் மேல் நின்றதால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மின்சாரம் பச்சைக் கம்பி வழியாக நடு வீட்டு ஹீட்டருக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. டிரைவர் வழக்கம்போல் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் குளித்திருக்கிறார். கை குழாயில் இருந்தது. தோள் ஈரச் சுவரில் சாய்ந்திருந்தது. செருப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவள் போனபோது உடலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தையல்காரி மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அளவுநாடா அப்படியே கழுத்தில் கிடந்தது. இவளைப் பார்த்ததும் ஏதோ கூடப்பிறந்தவளே வந்துவிட்டதுபோல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க வந்து பாத்துட்டுப் போனீங்களே அக்கா. சின்னச் சின்ன வேலைதான்னு சொன்னீங்களே. அப்புறம் எப்படிக்கா?”

இவள் கையை விடுவித்துக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றியிருந்த பெண்கள், எவ்வளவு நல்ல மனசு, அதிகாரியே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்தபோது எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

விசாரணை மூன்று வாரம் கழித்து நடந்தது. அதற்குள் அண்ணன் நாலு தடவை வீட்டுக்கு வந்தார். முதல் தடவை அழுதார். இரண்டாம் தடவை கோபித்தார். மூன்றாம் தடவை அண்ணியைக் கூட்டிவந்தார். அண்ணி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நாலாவது தடவை வந்தபோது, வாஷிங் மிஷின் பழுது நர்ஸ்களுடையது, சான்றிதழ் ரப்பர் ஸ்டாம்பு கொடுத்தது, நடுவில் நான் எங்கே வருகிறேன், உன் நோட்டு ஒன்றுதான் என்னை உள்ளே இழுக்கும் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரிதான். அந்த நோட்டு இல்லாவிட்டால் அவருக்கும் ஒன்றுமில்லை, அவளுக்கும் ஒன்றுமில்லை.

அவள் நோட்டைக் கொண்டுபோய் விசாரணை அதிகாரியின் மேஜைமேல் வைத்தாள்.

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். தேதியைப் பார்த்தார். ‘உடனடி ஆபத்து’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

“இதை ஏன் பதிவு பண்ணலை?”

“வீட்டுக்காரர் பத்து நாள் கேட்டார்.”

“நாலு மாசம் ஆகியிருக்கே.”

“ஆமா சார்.”

“வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன வேணும்?”

“கூடப்பிறந்த அண்ணன்.”

பின் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தையல்காரி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் அதுவரைக்கும் ‘அண்ணன்கிட்ட சொல்லிடறேன்’ என்பதை, வீட்டுக்காரரை மரியாதைக்கு அப்படிச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தாள்.

வெளியே வராந்தாவில் தையல்காரி அவளை மறித்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. கையை ஓங்கவில்லை.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள். “தெரிஞ்சுக்கிட்டேதான் என் வீட்ல நின்னு டீ குடிச்சீங்க. ‘குழாயைத் தொடாதே’ன்னு ரெண்டு வார்த்தை போதும். சொல்லியிருந்தா தெருக்குழாய்ல குளிச்சிருப்பார். அதுக்கு உங்களுக்கு என்ன செலவு?”

அண்ணன் பக்கத்தில்தான் வக்கீலோடு நின்றிருந்தார். தையல்காரி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. வீட்டுக்காரனிடம் அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை.

தீர்ப்பு என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. அண்ணன்மேல் அலட்சியத்துக்கு வழக்கு பதிவாயிற்று. அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தார். ரப்பர் ஸ்டாம்பு, மூத்த சோதனையாளர் நேரில் பார்த்ததை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அது பாதி உண்மையாக இருந்ததால் அவரை வேறு பிரிவுக்கு மாற்றியதோடு விட்டுவிட்டார்கள். போகும்போது எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆபத்து தெரிந்தும் மறைத்தது அவள் ஒருத்திதான் என்று ஆயிற்று. ஆறு மாதம் சஸ்பெண்ட்.

அதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். அம்மா வீட்டை விட்டுக் கிளம்பியதைத்தான் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கார் அனுப்பியிருந்தார். நான் பெற்ற பிள்ளையைக் கூண்டில் ஏற்றின கையால் இனி ஒரு வாய் சோறு வாங்கித் தின்னமாட்டேன் என்றாள் அம்மா. அவள் மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து, எதை எப்போது சாப்பிடவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தாள். அம்மா அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் காரில் ஏறினாள். அவனுக்குத் தெரியும் என்றாள்.

அந்த வீட்டைப் பூட்டி சீல் வைத்ததால் மூன்று குடித்தனமும் தெருவுக்கு வந்தது. வாத்தியாரும் நர்ஸ்களும் ஒரு வாரத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். தையல்காரிக்குக் கிடைக்கவில்லை. போகிற இடத்தில் எல்லாம், நீங்கள்தானே அந்தக் கேஸ்காரி என்று கேட்டார்கள். ஒரு வீட்டுக்காரர், பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு, ஆனால் நாளைக்கு எங்கள்மேலும் கேஸ் போடமாட்டாய் என்று என்ன நிச்சயம் என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அவள் கேஸ் போடவே இல்லை, போட்டது அரசாங்கம். அதை யாரிடம் போய் விளக்குவது? தெரிந்தவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு மாதம் ஒண்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை பிடித்தாள். இதெல்லாம் வாத்தியார் சம்சாரம் மூலமாக இவள் காதுக்கு வந்தது.

சஸ்பென்ஷன் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு மத்தியானம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பைக்குள் சோதனை பல்பு, ஸ்க்ரூ டிரைவர், புதிதாக வாங்கிய ஒரு கசிவு பிரேக்கர்.

மரக்கடையைத் தாண்டிப் போனால் தகரக் கதவு. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலால் மிதிக்கிற மிஷினை விற்றுவிட்டு மோட்டார் மிஷின் வாங்கியிருந்தாள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்தன. அவள் வந்தவளைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

வந்தவளே உள்ளே போய் சுவரில் பல்பை வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. குளியலறை என்று தகரத்தால் மறைத்த இடத்துக்குப் போய் டெஸ்டரை வைத்தாள். விளக்குக்கு ஒயர் போகும் இரும்புக் குழாயில் மினுக்கென்று வெளிச்சம் தெரிந்தது.

திரும்பி வந்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். இங்கேயும் எர்த் இல்லை. குளிக்கிற இடத்தில் அந்த இரும்புக் குழாயைத் தொடக்கூடாது. ஈரக் கையோடு மிஷின் சுவிட்சைப் போடக்கூடாது. இது ஆபத்தான இடம், உயிருக்கே ஆபத்து.

தையல்காரி மிஷினை நிறுத்தினாள்.

“சொல்லிட்டீங்க. நல்லது. தெரிஞ்சு நான் என்ன பண்ணட்டும்? பதினோரு வீடு ஏறி இறங்கினதுல கதவைத் திறந்தது இந்த ஆள் ஒருத்தன்தான்.”

நான் வேறு ஒருவரை அனுப்பி அறிக்கை எழுதச் சொல்கிறேன், வீட்டுக்காரன் சரி செய்துதான் ஆகவேண்டும் என்றாள் அவள்.

“சரி பண்ணமாட்டான். காலி பண்ணச் சொல்லுவான்” என்றாள் தையல்காரி. தோளில் தொங்கிய பையைப் பார்த்து, “அந்தப் பைக்குள்ள என்ன?” என்று கேட்டாள்.

பிரேக்கர் என்று எடுத்துக் காட்டினாள். நானே பொருத்திவிடுகிறேன், மின்சாரம் கசிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் தானாக நிறுத்திவிடும் என்றாள். தையல்காரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. இவ்வளவுதானா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றாள் அவள்.

பொருத்த ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் தையல்காரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வேலையை முடித்து மெயினைப் போட்டதும் பிரேக்கர் ‘டக்’ என்று விழுந்து மின்சாரத்தை நிறுத்தியது. மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது. குளியலறை ஒயர் உள்ளுக்குள் கசிந்துகொண்டிருந்தது. புதுச் சாமான் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

“மிஷின் ஓடாதா?” என்றாள் தையல்காரி திரும்பாமலே. “நாளைக்குக் காலைல அறுபது செட் குடுத்தாகணும்.”

ஓடும் என்றாள் அவள். ஸ்டூலின் மேல் ஏறி, குளியலறைக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் பிடுங்கி முனையில் டேப் சுற்றினாள். இனி அங்கே விளக்கு எரியாது என்று சொன்னாள். மெயினைப் போட்டாள். இந்த முறை பிரேக்கர் விழாமல் நின்றது.

தையல்காரி சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். ஊசி ஏறி இறங்கியது. “இருட்டுல குளிச்சுக்கிறேன்” என்றாள். பிறகு, “நீங்க இனிமே வரவேணாம்” என்றாள்.

அவள் தரையில் கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தகரக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, மரத்தூள் பறக்கும் சந்து வழியாக நடந்தாள். பின்னால் மிஷின் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.